என் கால் சரியாகத்தான் இருக்கிறது

அந்த வாரம் முழுக்க எல்லோரும் என் வலது காலைப் பற்றியே பேசினார்கள். பட்டறையில் பேசினார்கள், தண்ணீர் பிடிக்கிற இடத்தில் பேசினார்கள், வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே பேசினார்கள். அண்ணி ஒரு தைல பாட்டிலைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்து, "முழங்கால்ல சூடு பறக்கத் தேய்ச்சுக்கோ, வலு வரும்" என்றாள். அவள் நல்ல மனசுக்காரி, அவளிடம் நான் சண்டை போடவில்லை. ஆனால் தைலத்தைக் காலில் தேய்க்கவும் இல்லை. கிறீச்சிட்டுக்கொண்டிருந்த சமையலறைக் கதவின் கீலுக்கு விட்டேன். கதவு சத்தத்தை நிறுத்திவிட்டது. மனிதர்கள்தான் நிறுத்தவில்லை.

நடந்தது இதுதான். நான் ஓட்டுகிற தண்ணீர் லாரி பிரேக் பிடிக்காமல் ஒரு சலூன் சுவரில் முட்டியது. அந்த லாரிக்குப் பிரேக் வேலை பார்த்தவன் என் அண்ணன். லாரியைக் கட்டியவர் என் வீட்டுக்காரர். இரண்டு பேருக்கும் தங்கள் வேலையில் குறை அகப்படவில்லை. மிச்சம் இருந்தது நான். அதனால் குறை என் காலுக்கு இறங்கிவிட்டது.

எங்கள் லாரி எந்தக் கம்பெனியிலும் பிறந்ததல்ல. சேஸி என்கிற அடிச்சட்டம் ஒரு பழைய வேனுடையது. பின் அச்சு வேறொரு வண்டியுடையது. கேபின், விபத்தில் வால் நசுங்கிப்போன ஒரு லாரியிலிருந்து வெட்டி எடுத்தது. தொட்டி மட்டும் புதிது. ஊரில் எத்தனையோ டேங்கர்கள் ஓடுகின்றன, ஆனால் எல்லாம் அடிவாரத்தோடு நின்றுவிடும். அதற்கு மேல் தெரு குறுகிவிடுகிறது, வளைவுகளில் பெரிய லாரி மாட்டிக்கொள்ளும். மேட்டு வீட்டுக்காரர்கள் குடம் சுமந்தே இடுப்பொடிந்து கிடந்தார்கள். அவர்களுக்காகவே குட்டையாக, ஒல்லியாக ஒரு டேங்கரைக் கட்டினோம். "குட்டை லாரிக்குக் குட்டை டிரைவர், ஜோடிப் பொருத்தம் பிரமாதம்" என்று அண்ணன் சொல்வான்.

ஆமாம், நான் குட்டை. நின்றால் என் தலை லாரிக் கதவின் கைப்பிடியைத்தான் எட்டிப் பார்க்கும். பட்டறைப் பக்கம் எனக்குப் பெயர் அரைப்படி. வருடக்கணக்காக அடுத்தவர் லாரிகளை ஓட்டியிருக்கிறேன். முதுகுக்குப் பின்னால் தலையணை, இரண்டு செருப்பிலும் டயர் ட்யூப் வைத்துக் கட்டிய மரக்கட்டை. அப்போதுதான் பெடல் எட்டும். நான் கட்டைகளோடு டக் டக்கென்று நடந்து போய் லாரியில் ஏறுவதை நின்று வேடிக்கை பார்ப்பார்கள். எனக்கு அது பழகிவிட்டது. என் வீட்டுக்காரருக்குத்தான் பழகவில்லை. யாராவது சிரித்தால் அவர் காது சிவந்துவிடும். "நம்ம லாரில நீ இதக் கட்டக் கூடாது" என்று அப்போதே சொல்லிவிட்டார். சொன்னபடியே செய்தார். ஸ்டியரிங்கைத் தாழ்த்தினார், ஏறுவதற்கு ஒரு படி கூடுதலாக வைத்தார், கண்ணாடியை என் கண்ணுக்கு நேரே இறக்கினார். முதல் நாள் உட்கார்ந்தபோது வெறும் செருப்பிலேயே பெடல் எட்டியது. என் வாழ்க்கையில் எனக்கென்று அளவெடுத்துச் செய்த பொருள் இரண்டுதான். ஒன்று கல்யாணத்துக்குத் தைத்த ரவிக்கை, இன்னொன்று இந்த லாரி. ரவிக்கை மறுவருடமே பத்தாமல் போய்விட்டது.

இவர்கள் இரண்டு பேரும் எப்படி வேலை செய்கிறவர்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரே பட்டறை. இவர் வெல்டிங், அவன் மெக்கானிக். "மாப்பிள்ளை" என்பான் அவன், "மச்சான்" என்பார் இவர், வாய் நிறையத்தான் கூப்பிட்டுக்கொள்வார்கள். ஆனால் ஒருவர் வேலையில் இன்னொருவர் கை வைத்தால் அன்றைக்கு ஸ்பானர் பறக்கும். லாரி பாதி எழும்பியிருந்தபோது புகைக்குழாயை எந்தப் பக்கம் வளைப்பது என்று ஒரு சண்டை வந்தது. நாள் முழுக்க நடந்தது. கடைசியில் அண்ணன் சாக்பீஸை எடுத்து, எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவில் நிற்கிற தகட்டின் மேல் பெரிதாக ஒரு கோடு போட்டான். தகட்டுக்கு முன்னால் இருப்பதும் லாரிக்கு அடியில் இருப்பதும் அவனுடையது. தகட்டுக்குப் பின்னால், கேபினுக்குள் இருப்பதெல்லாம் என் வீட்டுக்காரருடையது. சொத்துப் பிரிக்கிறபோதுகூட இவ்வளவு ஒழுங்காகப் பாகம் பிரித்து நான் பார்த்ததில்லை. அதற்குப் பிறகு சண்டையே இல்லை. நாங்கள் எல்லோரும் மகிழ்ந்துபோனோம்.

முதல் நாளிலிருந்தே பிரேக் சொன்ன பேச்சு கேட்கவில்லை. பெடல் கல் மாதிரி நின்றது. மிதித்தால் கால்தான் வலித்தது, லாரி தன் பாட்டுக்குப் போய் நின்றது. அண்ணனிடம் சொன்னேன். "புது பிரேக் ஷூ பாப்பா, சக்கரத்து டிரம்ல படியணும். நாலு நாள் ஓட்டு, சரியாயிடும்" என்றான். எனக்கு நாற்பது வயதாகிறது, அவனுக்கு நான் இன்னும் பாப்பா. சரி, அவன் சொன்னால் இருக்கும் என்று ஓட்டினேன்.

மேட்டுத் தெருவுக்குப் போகிற வழியில், ஏற்றம் தொடங்குவதற்கு முன்னால் ஒரு இறக்கம் உண்டு. இறக்கம் முடிகிற வளைவில் ஒரு சலூன். வாசலில் ஒரு பெஞ்ச் கிடக்கும். முடி வெட்ட வந்தவர்களைவிடச் சும்மா பேச வந்தவர்கள்தான் அதில் அதிகம். அன்றைக்குத் தொட்டி நிறையத் தண்ணீரோடு இறங்கினேன். மிதித்தேன். நிற்கவில்லை. எழுந்து நின்று மிதித்தேன். கைபிரேக்கை இழுத்தேன். கியரை இறக்கினேன். லாரி முனகிக்கொண்டே போய், பெஞ்சின் காலை முறித்து, சுவரின் மூலையைப் பெயர்த்துவிட்டு நின்றது. பெஞ்சில் அதுவரை உட்கார்ந்திருந்தவர் சற்று முன்னால்தான் சவரத்துக்கு உள்ளே போயிருந்தார். ஒரு கன்னத்தில் நுரையோடு வெளியே ஓடி வந்து, பெஞ்சைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நுரையோடே உள்ளே போய்விட்டார்.

நான் பயந்துபோனேன். மறைக்க என்ன இருக்கிறது. வீட்டுக்கு வந்த பிறகும் தண்ணீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தேன். என் வீட்டுக்காரர் அடுத்த நாளே போய்ப் பெஞ்சைச் சரிசெய்து, சுவரையும் பூசிக் கொடுத்தார். சலூன்காரர் நன்றி சொல்லிவிட்டு, பெஞ்சைத் தூக்கிக் கடைக்குள் போட்டுக்கொண்டார். "இனிமே வெளிய போடுறதா இல்லப்பா" என்றாராம்.

அண்ணன் லாரியைக் கழற்றினான். நான்கு சக்கரத்தையும் இறக்கி டிரம்மைப் பார்த்தான். ஷூ நன்றாகப் படிந்திருந்தது. எங்கேயும் ஆயில் கசியவில்லை. குழாயில் காற்று புகுந்திருக்கும் என்று ஆயிலை வடித்து வடித்துக் காற்றை எடுத்தான். இல்லாத காற்றை எத்தனை தடவை எடுப்பது. மிதிக்குப் பலம் கூட்டுகிற பூஸ்டருக்குப் போகிற ஹோஸை மாற்றினான். அடியில் படுத்தபடியே ஒவ்வொரு இணைப்பையும் துடைத்துத் துடைத்துப் பார்த்தான். எல்லாம் சுத்தம். பிறகு எழுந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, "என் பக்கம் ஒண்ணுமில்ல மாப்பிள்ளை. உங்க தொட்டிதான் கனம் ஜாஸ்தி" என்றான்.

"தொட்டி கனம் ஜாஸ்தின்னா, அதுக்குத் தக்க பிரேக் போடணும் மச்சான். லாரி செய்றப்போ தொட்டி இல்லாம போகும்னு நெனச்சீங்களா?"

அன்றைக்கு ஸ்பானர் பறக்கும் என்று நான் எதிர்பார்த்தேன். பறந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதற்குப் பதில் அண்ணன், "ஓட்டிப் பாத்துருவோம்" என்றான்.

பட்டறைக்குப் பின்னால், மூடிக் கிடக்கிற ஒரு கிடங்கின் சுவரோரம் நீளமான தெரு ஒன்று உண்டு. ஆள் நடமாட்டம் கிடையாது. அண்ணன் தரையில் இரண்டு கோடு போட்டான். முதல் கோட்டில் மிதிக்க வேண்டும், இரண்டாவது கோட்டுக்குள் நிற்க வேண்டும். தொட்டியை நிரப்பி, அவன் முதலில் ஓட்டினான். அண்ணன் ஆறடிக்கு மேல். என் இருக்கையில் அவன் உட்கார்ந்தது, ஒட்டகத்தைத் தகரப் பெட்டிக்குள் அடைத்தது போல் இருந்தது. முழங்கால் இரண்டும் ஸ்டியரிங்குக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் துருத்திக்கொண்டு நின்றன. முதல் கோட்டில் காலைத் தூக்கி ஓங்கி ஒரு மிதி மிதித்தான். லாரி கோட்டை ஒட்டி நின்றது.

பிறகு நான் ஓட்டினேன். என் பலம் மொத்தத்தையும் போட்டு மிதித்தேன். கோட்டைத் தாண்டி, இன்னும் ஒரு லாரி நீளம் போய்த்தான் நின்றது.

நான் இறங்கினபோது அவர்கள் இரண்டு பேரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து இவர்கள் இரண்டு பேரும் ஒத்துப்போன ஒரே விஷயம் என் கால்தான்.

"பாத்தியா பாப்பா? லாரில குறை இல்ல. உனக்குக் கால்ல பலம் பத்தல. அதுல தப்பு ஒண்ணுமில்ல, உடம்பு வாகு அப்படி" என்றான் அண்ணன்.

"அப்போ?"

"திங்கக்கெழமையிலருந்து மீசை ஓட்டட்டும். நீ பக்கத்துல உக்காந்து வழி சொல்லு. அந்தத் தெருவெல்லாம் உனக்குத்தான் தெரியும்."

மீசை என்பது அண்ணனின் சிநேகிதன், ஜல்லி லாரி ஓட்டுகிறவன். மீசையை எடுத்து எவ்வளவோ காலமாகிறது, பெயர் மட்டும் முகத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமலே அவனிடம் பேசி முடித்துவிட்டார்கள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"எனக்குன்னு செஞ்ச லாரில நான் கிளீனரா?" என்றேன்.

என் வீட்டுக்காரர் மெல்லச் சொன்னார். "அப்படி இல்லம்மா. அன்னைக்கு அந்த ஆளு பெஞ்ச்லயே உக்காந்திருந்தா? உனக்கே ஏதாவது ஆகியிருந்தா? எனக்கு அதுலருந்து தூக்கமே இல்ல."

அவர் பொய் சொல்லவில்லை, எனக்கும் தூக்கமில்லை. அதனால்தான் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. லாரிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

"ரெண்டு பேரும் கேட்டுக்கோங்க. இந்தப் பிரேக்கோட நானும் ஓட்டப் போறதில்ல, மீசையும் ஓட்டக் கூடாது. ஆறடி ஆளு எகிறி மிதிச்சாதான் நிக்கும்னா அதுக்குப் பேரு பிரேக்கா? நாளைக்கு மீசைக்கு ஜுரம் வந்தா? கால்ல முள்ளு குத்தியிருந்தா? குறை லாரில இருக்கு. என் கால் சரியாத்தான் இருக்கு."

"சரியா இருந்தா நின்னுருக்கணுமே" என்றான் அண்ணன்.

 அந்தக் கோபத்தோடு வீட்டுக்குப் போய், சாப்பிடாமல், பாத்திரங்களை மட்டும் பலமாகக் கழுவினேன்.

திங்கட்கிழமை காலை மீசை தன் ஜல்லி லாரியோடு பட்டறைக்கு வந்தான். லாரியை வாசலில் நிறுத்திவிட்டு, கையைத் துடைத்தபடி, "சாவி எங்கேக்கா?" என்றான். நான் அவன் லாரியைப் பார்த்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் கேபினை எந்த மாதிரி லாரியிலிருந்து வெட்டி எடுத்தார்களோ, அதே மாதிரி லாரி. அதே கதவு, அதே கண்ணாடி, அதே பிரேக். மேலே குவித்த ஜல்லியோடு என் டேங்கரைவிடக் கனமாக நின்றுகொண்டிருந்தது.

"என் சாவி இருக்கட்டும். முதல்ல உன் சாவியக் குடு" என்றேன்.

"எதுக்குக்கா?"

"கோடு ரெண்டும் இன்னும் அழியல. உன் லாரிய ஓட்டிக் காட்டுறேன். என் கால்ல பலம் இல்லன்னா உன் லாரியும் நிக்கக் கூடாது. நின்னுச்சுன்னா என் கால விட்டுட்டு எல்லாரும் லாரியப் பாருங்க."

மீசை சிரித்தான். "எட்டவே எட்டாதேக்கா" என்று சாவியைத் தூக்கிப் போட்டான்.

பட்டறை மூலையில் என் பழைய மரக்கட்டைகள் தூசி படிந்து கிடந்தன. எடுத்துத் தட்டினேன். டயர் ட்யூபைக் கிழித்து இரண்டு செருப்பிலும் இறுக்கிக் கட்டினேன். என் வீட்டுக்காரர் ஓடி வந்தார். "அதக் கட்டாத, எல்லாரும் பாக்குறாங்க" என்றார். "பாக்கட்டும்" என்றேன். எதிர்க்கடைக்காரர்கள் வெளியே வந்துவிட்டார்கள். டக் டக்கென்று நடந்து போய், கதவைத் தொற்றிக்கொண்டு ஏறி, தலையணை இல்லாததால் இரண்டு சாக்கை மடித்து முதுகுக்குக் கொடுத்து உட்கார்ந்தேன்.

அண்ணன் லாரியை எந்த வேகத்தில் கொண்டுபோனானோ அதே வேகத்தில் கொண்டுபோனேன். முதல் கோடு வந்தது. மிதித்தேன். ஓங்கவில்லை, எகிறவில்லை, எழுந்து நிற்கவில்லை. சாதாரணமாக மிதித்தேன். ஜல்லி முன்னால் சரிந்து ஒரு கை அள்ளிப் போட்டது போல் கேபின் மேல் கொட்டியது. லாரி கோட்டுக்கு நன்றாக உள்ளேயே நின்றுவிட்டது.

மீசை ஓடி வந்து கோட்டைக் குனிந்து பார்த்தான். நான் இறங்கவில்லை. இறங்கி ஜெயித்த முகத்தைக் காட்ட ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் எனக்குள் ஏதோ ஒன்று அரித்துக்கொண்டிருந்தது. மிதிக்கும்போது என் கால் போன இடம் வேறு. இந்த லாரியில் கால் தாழ்ந்து, தரைக்குப் பக்கத்தில் போய் மிதித்தது. என் லாரியில் உயரத்திலேயே பெடல் வந்து பாதத்தைத் தொடும். அந்த வசதியில் மயங்கி அதைப் பற்றி நான் யோசித்ததே இல்லை.

இருக்கையில் குப்புறக் கவிழ்ந்து, தலையை ஸ்டியரிங்குக்கு அடியில் விட்டேன். கட்டை கட்டிய கால் இரண்டும் இருக்கையின் முதுகுக்கு மேலே நின்றன. வெளியே யாரோ சிரித்தார்கள். பெடலின் கை மேலே ஒரு ஆணியில் தொங்கி, நீளமாகக் கீழே இறங்கியிருந்தது. "ஒரு வெல்டிங் குச்சி குடுங்க" என்று கத்தினேன். என் வீட்டுக்காரர் நீட்டினார். ஆணியிலிருந்து மிதிக்கிற தட்டு வரைக்கும் குச்சியை வைத்து, தட்டு முடிகிற இடத்தில் நகத்தால் கீறினேன். இறங்கி, டக் டக்கென்று என் லாரிக்குப் போனேன். அங்கேயும் தலைகீழாகக் கவிழ்ந்து அதே குச்சியை வைத்தேன். கீறலுக்கு ஒரு உள்ளங்கை அகலம் முன்னாலேயே பெடல் முடிந்துவிட்டது. முடிகிற இடத்தில் ஒரு வெல்டிங் தடம். அழகான தடம், சீராக, தையல் மாதிரி. அந்தக் கையெழுத்து யாருடையது என்று எனக்குத் தெரியும்.

"என்னங்க, இங்க வாங்க" என்றேன்.

அவர் வந்து எட்டிப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"இது என்ன?"

"உனக்கு எட்டணும்னுதான்..." என்றார். "கீழ கொஞ்சம் அறுத்துட்டு, தட்ட மேல ஏத்திப் பத்த வச்சேன். கிளட்சுக்கும் அப்படியேதான். நீ கட்டை கட்டக் கூடாதுன்னு."

அண்ணன் கேபின் கதவைப் பிடித்துக்கொண்டு உள்ளே தலையை விட்டான். "பெடல வெட்டுனீங்களா மாப்பிள்ளை? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!"

"கேபினுக்குள்ள இருக்கு மச்சான். என் பாகம்."

"பெடல் பிரேக்கோட சேந்ததுய்யா!"

"தகட்டுக்குப் பின்னாடி எல்லாம் என்னோடதுன்னு கோடு போட்டது யாரு? நீங்க ஒரு தடவையாவது உள்ள தலைய விட்டுப் பாத்தீங்களா?"

அண்ணன் தலையை வெளியே எடுத்தான். அத்தனை சக்கரத்தையும் கழற்றியவன், தகட்டை ஒட்டி நிற்கிற மாஸ்டர் சிலிண்டர் வரைக்கும் ஒவ்வொன்றாகத் துடைத்துப் பார்த்தவன், தகட்டோடு நின்றுவிட்டான். குறை தகட்டுக்கு அந்தப் பக்கம், அவன் போட்ட கோட்டுக்கு ஒரு முழம் தள்ளி, நிம்மதியாக உட்கார்ந்திருந்தது.

"அண்ணே, நட்டு இறுகிப்போச்சுன்னா ஸ்பானர் மேல நீளமா ஒரு பைப்ப மாட்டித் திருப்புவியே, எதுக்கு?" என்று கேட்டேன்.

"கை நீளமானாத்தான் சுலபமாத் திரும்பும்."

"அப்போ என் கைய வெட்டிட்டீங்க ரெண்டு பேரும். வெட்டிட்டு, பலமில்லன்னு தைலம் குடுத்தீங்க."

அவன் அப்படியே லாரிப் படியில் உட்கார்ந்துவிட்டான். எனக்காகக் கூடுதலாக வைத்த படி அது.

என் வீட்டுக்காரர் நகரவே இல்லை. பெடலையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவர் மேல் ஆத்திரமாகவும் இருந்தது, கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. என்னைப் பார்த்து ஊர் சிரிக்கக் கூடாது என்று அந்த மனிதர் யாருக்கும் தெரியாமல் உட்கார்ந்து அறுத்து, தேய்த்து, பத்தவைத்திருக்கிறார். என் காலுக்குத் தோதாக இருக்க வேண்டும் என்று அவர் அறுத்தெடுத்தது என் காலின் பலத்தை. "நான் உன்னைக் கொன்னுருப்பேன்" என்றார். "கொல்லல. வேலையப் பாருங்க" என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்.

"வெட்டி ஒட்டினத நான் ஒத்துக்க மாட்டேன். பழைய சாமான் கடையில இதே பெடல் முழுசாக் கெடைக்கும், அதத்தான் போடணும்" என்றான் அண்ணன் எழுந்துகொண்டே.

"போட்டா இவளுக்கு எட்டாதே மச்சான்."

"எட்டாதுதான். அதனாலதான் சொல்றேன், மீசை..."

அவன் முடிப்பதற்குள் நான் வலது செருப்பிலிருந்து கட்டையை அவிழ்த்தேன். பெடல் தட்டின் முகத்தில், என் பக்கமாகப் பார்க்கிற மாதிரி, வைத்துக் காட்டினேன்.

"நீளத்துல யாரும் கை வைக்க வேணாம். இத இங்க பொருத்துங்க. பெடல் இருக்குற எடத்துலயே இருக்கட்டும், தடிப்புல என்கிட்ட வரட்டும். என் கால்ல கட்டுன கட்டைய அது கால்ல கட்டுங்க."

என் வீட்டுக்காரர் கட்டையை வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மரம் வேணாம், இரும்புல பெட்டி மாதிரி செஞ்சு, மேல ரப்பர் ஒட்டி, நாலு போல்ட்ல இறுக்கிடலாம். கிளட்சுக்கும் இதேதான். குதிகால் வைக்கத் தரையையும் கொஞ்சம் ஏத்தணும்" என்றார். அவர் குரல் திரும்பி வந்துவிட்டது. மீசை மெதுவாகத் தன் சாவியை எடுத்துக்கொண்டு, "அப்போ நான் கெளம்புறேன்" என்றான். போகும்போது, "நல்லாதான் ஓட்டுறக்கா, ஆனா ஜல்லியக் கூட்டி அள்ளிப் போட்டுட்டுப் போயிருக்கலாம்" என்று முணுமுணுத்தான்.

பழைய சாமான் கடையில் வாங்கி வந்த முழுப் பெடலை மாட்டுகிறபோது ஒரு வேடிக்கை நடந்தது. தகட்டில் ஒரு போல்ட்டின் தலை உள்ளே, நட்டு வெளியே. தனி ஆளால் இறுக்க முடியாது. அண்ணன் கேபினுக்குள் மடங்கிப் படுத்துக்கொண்டு தலையைப் பிடித்தான், என் வீட்டுக்காரர் எஞ்சின் பக்கமிருந்து நட்டை இறுக்கினார். "பிடிச்சிருக்கீங்களா மச்சான்?" "நீங்க சுத்துங்க மாப்பிள்ளை." முன்னே இதே போல்ட்டை இறுக்கியபோது உள்ளிருந்து பிடித்தது நான்தான். ஒருவர் வேலையில் இன்னொருவர் கை வைக்கக் கூடாதே. நானும் அப்போது பெருமையாகப் பிடித்துக்கொண்டு நின்றேன். இப்போது அந்தச் சாக்பீஸ் கோடு அண்ணன் சட்டையில் அழிந்து போயிருந்தது.

எல்லாம் முடிந்ததும் தொட்டியை நிரப்பினோம். லாரியைத் தெருவுக்குக் கொண்டுபோய் நிறுத்தினேன். நான் இறங்கியதும் அண்ணன் கதவைப் பிடித்துக்கொண்டான்.

"முதல்ல நான் ஓட்டிப் பாக்குறேன். உன்ன நம்பலன்னு இல்ல பாப்பா, ஒரு பாதுகாப்புக்கு."

"ஓட்டு" என்றேன்.

ஏறினான். உட்கார்ந்தான். வலது காலை உள்ளே விட்டான். பெடலின் இரும்புப் பெட்டி அவன் பாதத்தை வழியிலேயே மறித்தது. காலை மடக்கினால் முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. முழங்காலை வெளியே எடுத்தால் பாதம் கிளட்சுக்குப் போனது. இருக்கையில் பின்னால் தள்ளி உட்காரப் பார்த்தான், பின்னால் இடமே இல்லை. ஒரு முறை தவறிப்போய் ஹாரனை அழுத்திவிட்டான். எதிர்க்கடைக்காரர்கள் மறுபடியும் வெளியே வந்தார்கள். என் வீட்டுக்காரர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு இருமினார்.

நான் கதவருகே போய், கைப்பிடி உயரத்திலிருந்து அவனை நிமிர்ந்து பார்த்தேன்.

"லாரில குறை இல்லண்ணே. உனக்குக் கால் சரியில்ல. அதுல தப்பு ஒண்ணுமில்ல, உடம்பு வாகு அப்படி."

அவன் என்னை முறைத்தான். பிறகு அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே இறங்க முடியாமல் மாட்டிக்கொண்டான், நாங்கள் இரண்டு பேரும் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது.

நான் ஏறினேன். வெறும் செருப்போடு. முதல் கோட்டில் மிதித்தேன், இரண்டாவது கோட்டைத் தொடுவதற்கு வெகு முன்னாலேயே லாரி நின்றது. இன்னொரு தடவை ஓட்டச் சொன்னான். அப்போதும் நின்றது. மூன்றாவது தடவை அவன் சொல்லவில்லை, நானாகவே ஓட்டினேன். எனக்கு அந்த உணர்ச்சி வேண்டியிருந்தது. மிதித்தால் நிற்கிறது என்கிற அந்தச் சின்ன விஷயத்துக்கு எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அன்றைக்கே மேட்டுக்குத் தண்ணீர் கொண்டுபோனேன். பக்கத்தில் அண்ணன் டாஷ்போர்டின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், அவனுக்கு அந்தப் பக்கம் என் வீட்டுக்காரர். இறக்கம் வந்தது. இரண்டு பேரும் முன்னால் சாய்ந்து சலூனையே பார்த்தார்கள்.  தொட்டியில் தண்ணீர் தளும்பி முதுகில் தள்ளுவது தெரிந்தது. நான் மிதித்தேன். லாரி வேகம் குறைந்து, குறைந்து, வளைவுக்கு முன்னால், சலூனுக்கு எதிரே அமைதியாக நின்றது. இறக்கத்திலேயே, நிறைந்த தொட்டியோடு, அசையாமல் நின்றது.

சலூன்காரர் கையில் சீப்போடு வெளியே வந்தார். புதிதாகப் பூசிய மூலையைப் பார்த்தார், லாரியின் பம்பரைப் பார்த்தார், நடுவில் இருந்த தூரத்தைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"வேற ஆளு ஓட்டப் போறாங்கன்னு சொன்னாங்களேம்மா?"

"இத வேற யாராலயும் ஓட்ட முடியாதுங்க. அளவு சேராது" என்றேன்.

அவர் திரும்பினார். உள்ளே போனார். பெஞ்சை ஒரு பக்கமாகத் தூக்கி, தரையில் இழுத்துக்கொண்டே வெளியே வந்தார். பழைய இடத்திலேயே, என் லாரிக்கு நேர் எதிரே, போட்டார். ஆடுகிறதா என்று ஒரு முறை அசைத்துப் பார்த்தார். அதன் நடுவில் தானே உட்கார்ந்து, கால் மேல் கால் போட்டுக்கொண்டு, போகலாம் என்று சீப்பால் கை காட்டினார்.

நான் பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன்.